ஐந்து மணிக்குள் ஒரு பெயர்

மாவு மில்லில் செண்பகத்தின் தூக்குவாளி ஏழாவதாக இருந்தது. அங்கே ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, பாத்திரங்கள்தான் நிற்கும்; ஆட்கள் நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு கிலோ மல்லியும் முக்கால் கிலோ மிளகாய் வத்தலும் வறுத்த சூடு வாளியின் விளிம்பில் இன்னும் இருந்தது. மணி நாலாக இன்னும் பத்து நிமிடம். ஐந்து மணிக்குள், போட்டி நடத்துகிற பெருமாள்சாமி சாருக்குக் குழுவின் பெயர்ப் பட்டியல் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதற்கு மேல் சாமியே வந்து கேட்டாலும் ஒரு பெயரை அவர் மாற்ற மாட்டார். போன வருடம் நாலு நிமிடம் தாமதமாக அனுப்பிய ஒரு குழுவை ஆடவே விடாமல் உட்கார வைத்துவிட்டு, அவர்களுக்கே டீயும் வாங்கிக் கொடுத்த மனிதர். பட்டியல் செண்பகத்தின் போனில் தயாராகத்தான் இருந்தது. ஆறு வரி. ஐந்து வரியில் கை வைக்க வேண்டியதில்லை. நான்காவது வரியில் மாரிக்கனி என்று இருந்தது. அதை அழித்துவிட்டு இமெல்டா என்று போட வேண்டும், அல்லது போடாமல் விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா மத்தியானம் சோறு இறங்கவில்லை, நாற்பத்தாறு வயசுக்கு உனக்கு இது தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மில் பெல்ட் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்ததால் பதில் எதுவும் கேட்கவில்லை.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் காலை ஐந்தரைக்குப் பூப்பந்து ஆடுகிற பெண்களுக்குக் கோவில்பட்டியில் அஞ்சரை செட் என்று பெயர். ஏழு மணிக்கு மேல் அங்கே காற்று எழும்பிவிடும். கம்பளிநூல் சுற்றிய அந்த மஞ்சள் பந்துக்குக் கனம் என்று ஒன்று கிடையாது, காற்று வந்தால் அது யார் பேச்சையும் கேட்காது. அதனால்தான் ஐந்தரை. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான போட்டியில் ஆறு வருடமாக ஆடுகிறார்கள், மூன்று முறை அரையிறுதி, ஒரு முறைகூட இறுதி இல்லை. ஆறு வருடமாக செண்பகம்தான் கேப்டன். இந்த வருடம் விட்டால் முழங்கால் அடுத்த வருடம் வரை வராது என்று டாக்டர் சொல்லாமல் அவளுக்கே தெரியும். அப்படி ஒரு வருடம் பார்த்து, பின்வரிசையில் அவளோடு நிற்கிற ஜெயக்கொடி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பந்தை எடுக்கப் பாய்ந்து விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ள மரியாதையாக இருந்திருக்கும். குளியலறையில் சோப்பை மிதித்து விழுந்தாள். முன்வரிசைக்கு மூன்று பேர், நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பின்வரிசைக்கு செண்பகம் ஒருத்திதான். சாத்தூர்க் குழுவுக்கு நேர்மாறான சங்கடம். நேற்றுச் சாயங்காலம் அவர்கள் கேப்டன் லூர்து டீச்சர் போன் பண்ணினாள். "செண்பகம், நேராச் சொல்லுதேன். எங்கிட்ட பின்னால மூணு பேரு நிக்காளுக. முன்னால வலைகிட்ட நிக்க ஆளில்ல. கை மாத்திக்கிடுவமா? நீ மாரிக்கனியக் குடு, நான் இமெல்டாவத் தாரேன். சார்ட்ட கேட்டுட்டேன், ஒரு குழுவுக்கு ஒரு ஆளு மாத்திக்கிடலாம்னுட்டார். வருஷம் பூரா மாத்தினது மாத்தினதுதான், அதயும் சொல்லிட்டார்." செண்பகம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, ஆட்டம் தெரிந்த யாரைக் கேட்டாலும் உடனே மாற்று என்பார்கள். இமெல்டா என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டோமே, அதைத்தான் ராத்திரியெல்லாம் யோசித்தாள்.

சங்கிலி மூன்றாவது பாத்திரத்தை எடுத்துக் கொட்டினார். மில்லை ஓட்டுகிற அவருக்குப் புருவம் வரை வெள்ளையாக இருக்கும், வத்தல் அரைக்கிற நாளில் மட்டும் சிவந்துவிடும். கம்பு மாவின் வாசனை வந்தது. காலையில் வாட்ஸ்அப் குழுவில், இமெல்டாவைக் கொண்டுவரலாமா என்று மட்டும் செண்பகம் கேட்டிருந்தாள். பதிலுக்கு யாரைக் கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்றுதான் நினைத்தாள், தட்டச்சுக்கூடச் செய்தாள், பிறகு அடுப்பில் பால் பொங்கியது, அணைத்துவிட்டு வந்தபோது அந்த வரியை அழித்துவிட்டாள். பால் பொங்கியது உண்மை. அது பொங்காமல் இருந்தாலும் அழித்திருப்பாள். எல்லோரும் சரி என்றார்கள். முதலில் சரி என்றவள் மாரிக்கனி. கட்டைவிரல் படம் மூன்று போட்டிருந்தாள். மாரிக்கனி அங்கன்வாடியில் சமையல் உதவியாளர், முப்பத்தெட்டு வயது, செட்டில் எல்லோருக்கும் இளையவள். தினமும் நாலே முக்காலுக்கு எழுந்து ஆறு பேருக்கும் ஒவ்வொரு மிஸ்டு கால் கொடுப்பாள். எடுத்துவிட்டால் கோபம் வரும், "எதுக்குக்கா எடுக்கீங்க, எந்திரிச்சா போதும்லா" என்பாள். மழை பெய்தால் இரண்டு மிஸ்டு கால், ஆட்டம் கிடையாது என்று அர்த்தம். இந்த ஏற்பாட்டை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, அவளாக ஆரம்பித்து எல்லோரும் பழகிவிட்டார்கள். வீட்டில் மாமியார் படுக்கையில், கணவன் லாரியில். ஐந்தரையிலிருந்து ஏழு வரை ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கு என்று இருக்கிறது, அவளே ஒருநாள் சொல்லியிருக்கிறாள், வருத்தமாகச் சொல்லவில்லை, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். சாத்தூர்க் குழு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆடுகிறது. காலை பஸ் பிடித்து அவள் அங்கே போக வேண்டும், மற்ற ஆறு நாளும் நாலே முக்காலுக்கு எழுந்து என்ன செய்வாள். மைதானத்துக்கு வரக் கூடாது என்று இல்லை, ஆனால் எதிர்க்குழுவுக்கு ஆடுகிறவளை வைத்துக்கொண்டு எந்த செட்டும் பழகுவதில்லை. அதுவும் யாரும் பேசி முடிவு செய்யாத ஏற்பாடுதான்.

சரி, ஆட்டத்தை மட்டும் பார். பின்னால் ஆள் இல்லாமல் முதல் சுற்றிலேயே வெளியே வருவோம். இமெல்டா வந்தால் இறுதி வரை போகலாம். ஆறு பேருக்கு நல்லது, ஒருத்திக்குக் கொஞ்சம் கஷ்டம், அதுவும் ஒரு வருடம். இதில் தப்பே இல்லை. தப்பில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நல்ல காரணம் ஒன்று கையில் இருக்கும்போது உள்ளே இருக்கிற காரணத்தை யார் வந்து தூக்கிப் பார்க்கப் போகிறார்கள். இமெல்டா ஆரஞ்சு உரிப்பாள். உரித்து, பாதியைப் பேசாமல் நீட்டுவாள். எடுத்துக்கொள் என்று சொல்ல மாட்டாள், நன்றி என்று சொன்னால் முறைப்பாள். திருநெல்வேலியில் கல்லூரி விடுதி மொட்டை மாடியில் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்ட ஆரஞ்சு எத்தனை இருக்கும். தோலைப் பிழிந்து கண்ணில் பீய்ச்சுவாள், கத்தினால் சிரிப்பாள், சிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். இடதுகைக்காரி. அதனால் அவள் வலது பக்கம், செண்பகம் இடது பக்கம், நடுவில் வருகிற பந்து இருவருக்குமே கைக்குத் தோதான பந்து. இந்த ஜோடிக்கு நடுவில் பந்து போகாது என்று எதிர்க்குழுக்கள் பக்கவாட்டிலேயே அடிக்கும். மற்ற ஜோடிகள் எல்லாம் பந்து மேலே எழும்பினால் எனக்கு, உனக்கு என்று கத்துவார்கள். கத்தச் சொல்லிப் பயிற்சியாளரும் தொண்டை கிழியச் சொன்னார். மூன்று வருடத்தில் இவர்கள் ஒருமுறைகூடக் கத்தியதில்லை. யார் எடுப்பார்கள் என்று இருவருக்கும் தெரியும், எப்படித் தெரியும் என்று தெரியாது. அந்தக் கர்வம். வாயைத் திறக்காமலே ஒரு ஆள் நம்மைத் தெரிந்து வைத்திருப்பது என்பது பிறகு அவளுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கல்யாணத்தில் கிடைக்கவில்லை, அதற்காக அவள் கணவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் நல்ல மனிதர், குழம்புக்கு உப்பு குறைந்தால்கூட வாய்விட்டுச் சொல்லுகிற மனிதர். பிள்ளையிடம் கிடைக்கவில்லை. இருபத்து நாலு வருடம். ஏக்கம் என்று ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது, இந்த வயதில், மல்லித்தூள் அரைக்க வந்த இடத்தில். ஆனால் அது ஏக்கம்தான், வேறொன்றுமில்லை.

நாலு பத்து. நான்காவது பாத்திரம் கடலைப்பருப்பு. பலகாரக்கடை நடத்துகிற வேலாயுதம் அதற்குச் சொந்தக்காரர். செண்பகத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் பருப்பு அரைபடுவதைப் பார்த்தபடி அவள் நினைப்பில் மறுபடி மதுரைக்குப் போனாள். போகக் கூடாது என்று நினைத்தால்தான் போவாள். பல்கலைக்கழக இறுதி ஆட்டம், மூன்றாவது செட், இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. அடுத்த புள்ளி எடுத்தவர்களுக்குக் கோப்பை. எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து உயரமாக வந்தது, மேலே நின்று யோசித்ததுபோல இருந்தது, காற்று அதை ஒரு சாண் தள்ளியது, இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. யாரும் அசையவில்லை. காற்று என்றார்கள் எல்லோரும். காற்றுதான். பயிற்சியாளர் அப்போதும் கத்தினார், "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" ஊர் திரும்பும் பஸ்ஸில் இமெல்டா முன்னால் உட்கார்ந்தாள், செண்பகம் பின்னால். சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் நாலு நாளில் தீர்ந்திருக்கும். பிறகு பரீட்சை, பிறகு இமெல்டாவின் கல்யாணம், அழைப்பிதழ் தபாலில் வந்தது, செண்பகம் போகவில்லை, காய்ச்சல் என்று யாரிடமோ சொல்லியனுப்பினாள். காற்று ஒரு சாண்தான் தள்ளியது. எந்தப் பக்கம் தள்ளியது? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வாள், அரிசி ஊறப்போட்டோமா, கேஸ் புக் பண்ணினோமா. இப்போது நினைத்துக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. அந்த ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் உடுப்பைத் துவைத்துக்கொண்டே இமெல்டா சொன்னாள், "பிப்ரவரில கல்யாணம். சாத்தூர். இனி ஆட விட மாட்டாங்க." செண்பகம் சரி என்றாள். ஒரு சரி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, ராத்திரி பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காற்று பந்தை இடது பக்கம் தள்ளியது. அது செண்பகத்தின் பந்து. இறங்கி வரும்போதே அவளுக்குத் தெரியும், கால்கூடக் கிளம்பியது. கிளம்பிய காலை நிறுத்தினாள். நாளையிலிருந்து நீ இல்லாமல் நான் எடுக்க வேண்டிய பந்து எவ்வளவோ இருக்கிறது, இதை நீ எடு. அப்படித்தான் நினைத்தாள், வார்த்தை வார்த்தையாக இல்லை, ஒரு கண் சிமிட்டும் நேரத்தில் மொத்தமாக. இமெல்டா எடுக்கவில்லை, அது தன் பந்து இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஏன் விட்டாய் என்று அவள் இந்த இருபத்து நாலு வருடத்தில் கேட்கவும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து அவள் மறுபடி ஆட வந்த இந்த ஆறு வருடமும், வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மைதானத்தில், நல்லா இருக்கியா, இருக்கேன், அவ்வளவுதான்.

சங்கிலி பக்கத்து மெஷினில் யாருடைய வத்தலையோ கொட்டினார். நெடி கிளம்பியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தும்மிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் எழுந்து வெளியே வந்தார்கள், செண்பகமும் துடைத்துக்கொண்டு வந்தாள், வசதியாக இருந்தது. வேலாயுதம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒங்க டீமுக்கு வெளியூர்லேருந்து ஒரு ஆளு வருதாமே?" என்றார். "யாரு சொன்னா?" "மாரிக்கனிதான். காலைல கடைக்கு வந்துச்சு, சத்துணவுப் பிள்ளைகளுக்கு ஏதோ வேணும்னு. ரொம்பச் சந்தோஷமாச் சொல்லுச்சும்மா. பின்னால நல்ல ஆளா வந்தா முன்னால நாங்க பயப்படாம ஆடுவோம், இந்தத் தடவ கப்பு எங்களுக்குத்தான் அண்ணாச்சின்னு. கப்பு வந்தா கடைக்குக் கொண்டாரேன், நாலு நாளு வச்சிக்கிடுங்கன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கு." செண்பகம் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பதால் சிரித்தாள். மாரிக்கனியைக் கொடுக்க வேண்டாம் என்று அந்த நிமிடம் முடிவு செய்தாள். இதோ இப்போதே லூர்து டீச்சருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பட்டியலை அப்படியே அனுப்பிவிட வேண்டும், தோற்றால் தோற்றுவிட்டுப் போகலாம், ஆறு வருடமாகத் தோற்கவில்லையா. முடிவு செய்ததும் உடம்பு லேசாக இருந்தது. போனை எடுத்தாள். எடுத்தவள், இமெல்டா ஐந்தரைக்கு எப்படி வருவாள் என்று யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாத்தூரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு, நாலரைக்கு ஒன்று இருக்கிறது, ஸ்டேஷன் பக்கம் நிறுத்தம் உண்டா, இல்லாவிட்டால் நடந்து வர வேண்டும், இருட்டாக இருக்கும், நாம் போய் நின்று கூட்டி வரலாம். இரண்டு பேரும் பேசாமல் நடந்து வருவோம். பேசாமல் நடப்பதாகவே இருக்கட்டும், அது போதும். ஒருநாள் நடக்கும்போது, அந்தப் பந்து என்னுடையது என்று சொல்லிவிடலாம். அவள் என்ன சொல்வாள். தெரியும் என்பாள். அந்த ஒரு சொல்லை அந்தக் குரலில் கேட்டுவிட்டால் போதும். போன் கையிலேயே இருந்தது. நாலு நாற்பது. வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து சங்கிலி, "அக்கா, ஒங்க வாளியப் போட்டுட்டேன்" என்று சத்தம் கொடுத்தார். செண்பகம் வேப்பமரத்தடிக்குத் தள்ளிப்போய் மாரிக்கனியை அழைத்தாள். ஒரே மணியில் எடுத்தாள். "லிஸ்ட் அனுப்பிட்டீங்களாக்கா?" "இன்னும் இல்ல கனி." "அவங்க வாராங்கள்லா?" "வாரா." "அப்பாடா. நான் பயந்துக்கிட்டே இருந்தேன்க்கா, அந்த டீச்சர் விட மாட்டாங்கன்னு." செண்பகம் மரத்தின் பட்டையை நகத்தால் கீறினாள். "சும்மா விடல. பதிலுக்கு நாம ஒரு ஆளு குடுக்கணும். ஒரு வருஷத்துக்கு." "யாருக்கா?" அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. "நானா" என்றாள் மாரிக்கனி. கேள்வியாகக் கேட்கவில்லை. "ஒன்னத்தான் கேட்டாங்க கனி. ஒன் ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் கேக்காங்க. நமக்குப் பின்னால ஆளு இல்ல, ஒனக்கே தெரியும்." "தெரியும்க்கா." "ஒனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு, இப்பவே வேண்டாம்னுருதேன்." இதைச் சொல்லும்போதே, இஷ்டமில்லை என்று மாரிக்கனி சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் சொல்கிறோம் என்பது செண்பகத்துக்குத் தெரிந்தது. அவள் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "டீமுக்கு நல்லதுன்னா போறேன்க்கா. ஞாயித்துக்கிழம அத்தைய யாரையாவது பாத்துக்கிடச் சொல்லணும். சொல்லிக்கிடுதேன்." வைத்துவிடுவாள் என்று செண்பகம் காத்திருந்தாள். வைக்கவில்லை. போகிற இடத்தைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அவங்க பனியன் என்ன கலருக்கா?"

"மெரூன். காலர்ல மட்டும் ஒரு மஞ்சக் கோடு இருக்கும். எடது தோள்பட்டைல சின்னதா நம்பர்" என்றாள் செண்பகம்.

கேட்டு முடிக்கும் முன்பே சொல்லியிருந்தாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. சாத்தூர்க் குழுவோடு ஆறு வருடத்தில் இவர்கள் நேருக்கு நேர் ஆடியது ஒரே ஒரு தடவைதான், அது மாரிக்கனிக்கும் தெரியும், அன்றைக்கு அவளும்தான் ஆடினாள், அவளுக்கே அந்த நிறம் நினைவில்லை. அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. எதையும் மெதுவாக, ஆனால் முழுசாகப் புரிந்துகொள்கிறவள் மாரிக்கனி.

"நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்கக்கா" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "எங்கிட்ட மெரூன்ல ஒரு சுடிதார் கெடக்கு. மொத நாளைக்கு அது போதும்லக்கா?"

"போதும் கனி" என்றாள் செண்பகம். நாலு ஐம்பத்திரண்டுக்கு நான்காவது வரியை அழித்துவிட்டு, இமெல்டா என்று எழுதி அனுப்பினாள்.